பழைய இடாப்பு, பழைய படம், பழைய கல்லூரி: வாசகர் கேள்வி – பதில்

ஆண்டு விழா மலர் வேலை தொடங்கிவிட்டது போலும். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கல்லூரி வரலாற்றைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, விரிவாகச் சொல்ல வேண்டியவற்றுக்கு இடம் விட்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் பழைய ஆய்வுகூடத்துக்குப் பின்னால் ஓர் அறை பூட்டிக் கிடந்தது. திறந்து பார்த்தால் இரண்டு அலுமாரி நிறைய இடாப்புகளும் கோவைகளும். மலருக்கு வரலாறு எழுதும் பொறுப்பை அதிபர் என்னிடம் தந்திருக்கிறார். பிள்ளைகளைக் கொண்டு துப்புரவாக்கி, ஆண்டு வாரியாக அடுக்கிவிட்டுத் தொடங்கலாமா?
– ஆசிரியை, மட்டக்களப்பு

பதில்: அடுக்க வேண்டாம், டீச்சர். முதல் நாள் எதையும் இடம் மாற்றவே வேண்டாம். சேர்விடாப்பின், அதாவது பிள்ளைகளைச் சேர்க்கும்போது பதியும் இடாப்பின், 80ஆம் தாளுக்குள் ஒரு கடிதம் மடித்து வைக்கப்பட்டிருந்தால், அந்தத் தாளிலுள்ள பிள்ளை ஒருவரைப் பற்றியதாகவே அது பெரும்பாலும் இருக்கும். அதை எடுத்துக் ‘கடிதங்கள்’ என்ற கட்டில் சேர்த்தால் யாரைப் பற்றியது என்பது அத்தோடு போய்விடும். யார், எந்த வேலைக்காக, எந்த ஒழுங்கில் வைத்தார்களோ அந்த ஒழுங்கும் வரலாற்றின் ஒரு பகுதிதான்.

அலுமாரியைத் திறந்தபடி தட்டுத் தட்டாகப் போனில் படம் எடுங்கள். அலுமாரி 1, தட்டு 1 என்று ஒரு கடுதாசியில் எழுதி அந்தத் தட்டிலேயே வைத்து எடுத்தால் பிறகு குழப்பம் வராது. அடுத்து ஒரு கொப்பியில் பட்டியல். ஒரு பொருளுக்கு ஒரு வரி போதும். மாதிரிக்கு இப்படி: “14. சேர்விடாப்பு, ஆங்கிலம், 1931 – 1946, தோல் முதுகு, முன் அட்டை இல்லை, கடைசி 6 தாள் கறையான் தின்றது, அலு. 1, தட்டு 3.” இலக்கத்தைப் புத்தகத்தின் மேல் எழுதக் கூடாது. கடுதாசித் துண்டில் பென்சிலால் எழுதி, நுனி வெளியே தெரிய உள்ளே செருகுங்கள். பேனா, மார்க்கர் இரண்டையும் அந்த அறைக்குள் கொண்டுபோகவே வேண்டாம்.

துப்புரவு அதற்குப் பிறகு. முகமூடி போட்டு, விறாந்தையில் வைத்து, மெல்லிய பெயின்ட் தூரிகையால் முதுகிலிருந்து வெளிப்புறமாகத் தூசியைத் தட்டுங்கள். ஈரத் துணி கூடாது. வெள்ளையாகவோ கறுப்பாகவோ பூஞ்சணம் பிடித்தவை இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். அவற்றைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த வேலைக்குக் கிட்டவும் வரக் கூடாது. பருத்திக் கையுறை தேவையில்லை. அது விரலின் உணர்வை மந்தமாக்கி, நொய்ந்த தாளைக் கிழிக்க வைக்கும். கழுவித் துடைத்த வெறுங்கைதான் நல்லது. கையுறை புகைப்படங்களைத் தொடும்போது மட்டும்.

இன்னொன்றையும் அதிபரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். ஆண்டு இறுதியில் பாவனைக்கு உதவாத தளபாடங்களைக் கழிக்கும்போது, உடைந்த கதிரையோடு இந்தக் கட்டுகளும் முற்றத்துக்கு வந்து எரிந்துபோவது பல பாடசாலைகளில் நடப்பதுதான். அரச பாடசாலையின் இடாப்பு அரச ஆவணம். 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிக்கூடச் சட்டம் இருக்கும்போது, அதை நினைத்தபடி அழிக்க யாருக்கும் உரிமை கிடையாது. உங்கள் பட்டியலின் ஒரு பிரதியை அதிபரின் கையொப்பத்தோடு காரியாலயத்தில் வைத்துவிடுங்கள். பட்டியலில் ஏறிய பொருளைக் குப்பை என்று சொல்லப் பலரும் தயங்குவார்கள்.

கேள்வி: லொக் புத்தகத்தில் மழை, லீவு, வரவு என்று மட்டும்தான் இருக்கிறது. இதிலிருந்து என்ன வரலாறு எழுதுவது? பழைய மலர்களில் அதைவிட நல்ல தகவல்கள் இருக்கின்றன.
– பழைய மாணவர் சங்கச் செயலாளர், கல்லடி

பதில்: மலர் விழாவுக்காக எழுதப்பட்டது. அதில் எல்லா அதிபரும் பெருந்தகை, எல்லா ஆண்டும் பொற்காலம். சம்பவத்திரட்டுப் புத்தகம், அதாவது நீங்கள் சொல்லும் லொக் புத்தகம், அன்றன்று எழுதப்பட்டது. யாரையும் மகிழ்விக்க எழுதியதல்ல. மலரும் லொக் புத்தகமும் முரண்பட்டால் நாங்கள் லொக் புத்தகத்தின் பக்கம்தான் நிற்போம்.

வரவை எடுத்து மாத வாரியாக ஒரு வரைபடம் கீறிப் பாருங்கள். மாரி வெள்ளத்தில் விழும். பெரும்போக அறுவடையில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளைகள் குறைவார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் திருவிழா என்று ஊரின் ஆண்டு முழுவதும் அந்த எண்களுக்குள் கிடக்கிறது. பத்து ஆண்டு தொடர்ந்து பார்த்தால், எந்த ஊர்ப் பிள்ளைகள் எப்போது வரத் தொடங்கினார்கள், எந்தப் பருவத்தில் இடைவிலகினார்கள் என்பது தெரியும். விடுதி திறந்ததும் வெள்ளக்கால வரவு மாறியதா என்று பாருங்கள். ஒரு மலரிலும் இது கிடையாது.

சேர்விடாப்பில் பார்க்க வேண்டியவை: சேர்வு இலக்கம், பிறந்த திகதி, தந்தையின் தொழில், முன்பு படித்த பாடசாலை, சேர்ந்த வகுப்பு, விலகிய திகதி, விலகிய காரணம். கடைசி நிரலைப் பலரும் பார்ப்பதில்லை. ‘வறுமை’, ‘திருமணம்’, ‘வேறு பாடசாலை’ என்று ஒரு சொல்தான் இருக்கும். நூறு பிள்ளைகளுக்கு அந்த ஒரு சொல்லை எண்ணிப் பார்த்தால் ஒரு கட்டுரைக்கான விஷயம் கைக்கு வந்துவிடும்.

வகுப்பின் பெயரும் உதவும். ஸ்டான்டர்ட், ஃபோம், எஸ்.எஸ்.சி., ஆண்டு, தரம் என்று காலத்துக்குக் காலம் பெயர் மாறியிருக்கிறது. திகதி இல்லாத தாளொன்றில் தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரம் என்று இருந்தால், அது 1970களின் நடுப்பகுதி. வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை.

பெயர்களில் கவனம். கந்தையா என்பதை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். பின்னாளில் பெற்ற பெயரை வைத்துத் தேடினால் ஒருவரும் அகப்பட மாட்டார்கள். சுவாமி விபுலாநந்தர் 1892இல் காரைதீவில் பிறந்தவர். மட்டக்களப்பில் மெதடிஸ்த மத்திய கல்லூரியிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர். மாணவராக இருந்தபோது அவர் மயில்வாகனன், தந்தை சாமித்தம்பி. விபுலாநந்தர் என்ற துறவுப் பெயர் 1924இல் கிடைத்தது. அதற்கு முந்திய எந்த இடாப்பிலும் ‘வி’ வரிசையில் அவரைத் தேடிப் பயனில்லை.

கேள்வி: எங்கள் பாடசாலையின் முகப்பில் ஓர் ஆண்டு, பழைய முத்திரையில் இன்னோர் ஆண்டு, முதலாவது இடாப்பில் வேறோர் ஆண்டு. எது தொடங்கிய ஆண்டு? நூற்றாண்டு விழா இதனால் சண்டையில் நிற்கிறது.
– உயர்தர மாணவன், கல்முனை

பதில்: மூன்றும் சரியாக இருக்கலாம், தம்பி. ஒரு பாடசாலைக்கு ஒரு பிறந்தநாள்தான் என்று நினைப்பதால்தான் சண்டை. திண்ணையிலோ கோயில் மடத்திலோ படிப்பிக்கத் தொடங்கிய ஆண்டு ஒன்று. அரசாங்கத்தில் பதிந்த ஆண்டு ஒன்று. உதவிப்பணம் கிடைக்கத் தொடங்கிய ஆண்டு இன்னொன்று. இவற்றுக்கு இடையில் ஐந்தாறு ஆண்டு போவது சாதாரணம். அதோடு பெண்கள் பிரிவு பிரிந்தது, இடம் மாறியது, மகா வித்தியாலயமானது எல்லாம் சேரும். முதலாவது இடாப்பு என்று நீங்கள் சொல்வது மிஞ்சிய இடாப்புகளில் முதலாவது மட்டும்தான். அதில் சேர்வு இலக்கம் 1இல் தொடங்குகிறதா, 348இல் தொடங்குகிறதா என்று பாருங்கள். 348 என்றால் அதற்கு முன் ஒரு புத்தகம் இருந்திருக்கிறது.

மெதடிஸ்த மத்திய கல்லூரியைப் பாருங்கள். வில்லியம் ஓல்ட் என்ற மிஷனரி 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார். 1815இல் இங்கேயே காலமானார். அந்த 1814ஐத்தான் கல்லூரி தன் தொடக்கமாக எண்ணுகிறது. அன்று இருந்தது ஒரு மிஷனரி தொடங்கி வைத்த படிப்பு. இன்றைய கட்டடமும் நிருவாகமும் அல்ல. அப்படி எண்ணுவதில் பிழை இல்லை. எதை எண்ணுகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உங்கள் மலரிலும் மூன்று ஆண்டுகளையும் அவற்றின் ஆதாரத்தோடு அச்சிடுங்கள். விழாவுக்கு எது என்பதைச் சங்கம் தீர்மானிக்கட்டும். அது வரலாற்றுக் கேள்வி அல்ல.

கேள்வி: சுனாமியில் எங்கள் பாடசாலையின் எல்லாப் பத்திரங்களும் போய்விட்டன. 1978 சூறாவளிக்குத் தப்பியவையும் அத்தோடு சரி. இனி எங்கே தேடுவது?
– ஓய்வுபெற்ற அதிபர், காரைதீவு

பதில்: ஐயா, பாடசாலையில் இருந்தது ஒரு பிரதிதான். பாடசாலையைப் பற்றி மற்றவர்கள் எழுதி வைத்தது வேறிடங்களில் இருக்கிறது.

முதலில் முகாமையாளர் யார் என்று பாருங்கள். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் வரை மிஷன்களும் இராமகிருஷ்ண மிஷனும் மற்றச் சபைகளும்தான் அவற்றை நடத்தின. ஆசிரியர் நியமனம், சம்பளம், கட்டடம் பற்றிய கடிதங்கள் முகாமையாளரின் கையில்தான் இருந்தன. பொறுப்பேற்றபோது கட்டடம் அரசுக்குப் போனது. கடிதக் கட்டு பெரும்பாலும் மிஷன் வீட்டிலோ ஆச்சிரமத்திலோ தங்கிவிட்டது. கோயிலடி, குருமனை, ஆச்சிரம அலுமாரி என்று கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டுக்குப் போனவையும் உண்டு. மெதடிஸ்த மிஷனின் ஆவணங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோஅஸ் (SOAS) கல்லூரியின் நூலகத்தில் உள்ளன. இயேசு சபையினர் நடத்திய பாடசாலை என்றால் அந்தச் சபையின் சுவடிக்கூடத்துக்கு எழுதலாம்.

இரண்டாவது, அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. ஆகவே காரைதீவு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பாடசாலைகளின் அதற்கு முந்திய அரச கடிதங்களை அம்பாறையில் தேடிக் காலத்தைப் போக்க வேண்டாம். மட்டக்களப்புக் கச்சேரியின், அதாவது மாவட்டச் செயலகத்தின், கோவைகளில் தேட வேண்டும். இந்த ஒரு பிழையால் மாதக்கணக்கில் அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிக்கூடம். பொதுப் போதனைத் திணைக்களம் 1869இல் தொடங்கியது. அதன் ஆண்டு அறிக்கைகளிலும் ஆண்டுதோறும் அரசு தொகுத்த புள்ளிவிவர நூல்களான நீல நூல்களிலும் உதவிபெற்ற பாடசாலைகளின் விவரங்கள் வரும். பழைய பத்திரிகைகளும் அங்கே உண்டு. பரிசளிப்பு விழாச் செய்திகளுக்கு அவற்றைப் பார்க்கலாம். அடையாள அட்டையும் அதிபரின் கடிதமும் கொண்டு போங்கள். ‘எங்கள் பாடசாலை பற்றி என்ன இருக்கிறது?’ என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. ஆண்டு, ஊரின் பழைய ஆங்கில எழுத்து, முகாமையாளர் பெயர் மூன்றையும் எழுதிக்கொண்டு போனால் வேலை நடக்கும்.

நான்காவது, வீடுகள். விடுகைப் பத்திரம், முன்னேற்ற அறிக்கை, பரிசுப் புத்தகம், விழா நிகழ்ச்சி நிரல் எல்லாம் ஊரவர் பெட்டிகளில் இருக்கின்றன. ‘பரிசளிக்கப்பட்டது’ என்று ஒட்டிய சீட்டோடு ஒரு புத்தகம் கிடைத்தால் ஆண்டு, வகுப்பு, அதிபரின் கையொப்பம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். பழைய மலர்களுக்கு நூலகம் இணையத்தளத்தைப் பாருங்கள். ஈழத்து மலர்கள் நிறைய அங்கே மின்வடிவில் இருக்கின்றன, காசு கேட்பதில்லை.

கேள்வி: மழையில் கூரை ஒழுகி ஐந்து இடாப்புகள் நனைந்துவிட்டன. வெயிலில் காயவைத்தோம், தாள்கள் அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டன. மிச்சம் இருப்பவற்றை எப்படிக் காப்பாற்றுவது?
– பாடசாலை நூலகர், வாழைச்சேனை

பதில்: வெயில் கூடாது. தாள் சமமில்லாமல் காய்ந்து நெளியும், மையும் வெளிறும். உங்களுக்கு இருக்கும் அவகாசம் 48 மணித்தியாலம். வாவிக் காற்றின் ஈரப்பதத்தில் அதற்குப் பிறகு பூஞ்சணம் நிச்சயம்.

முதலில் மையைப் பாருங்கள். கறுப்பாக எழுதிப் பழுப்பாக மாறிய பழைய மை தண்ணீருக்கு அசையாது. ஊதா நிறப் பென்சில் எழுத்தும் நீல ஊற்றுப்பேனை மையும் உடனே கரையும். கரைகிற தாளை அழுத்தவோ துடைக்கவோ கூடாது. விரித்து அப்படியே விடுங்கள். மற்றவற்றில் 10 தாளுக்கு ஒன்றாக அச்சடிக்காத வெள்ளைப் பத்திரிகைத் தாளைச் செருகுங்கள். அச்சடித்த பத்திரிகை வேண்டாம், மை ஒட்டும். செருகிய தாள் நனைந்ததும் மாற்ற வேண்டும். முதல் நாள் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, பிறகு குறைக்கலாம். காற்றாடி ஓடட்டும், ஆனால் புத்தகத்தின் மேல் நேராக வீசக் கூடாது. தொட்டால் குளிர்ச்சி தெரியாத நிலை வந்ததும் மூடி, மேலே பலகை வைத்துப் பாரமேற்றுங்கள். குளிர்ச்சி இருக்கும்போது பாரமேற்றினால் நடுவில் பூஞ்சணம் பூக்கும்.

பளபளப்பான தாளில் அச்சிட்ட மலர் நனைந்தால் நிலைமை வேறு. காய்ந்ததும் பக்கங்கள் ஒன்றோடொன்று கட்டியாகிவிடும். பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் தாள் வைக்க வேண்டும். ஆள் போதாவிட்டால் பொலித்தீனில் சுற்றி உறையவைத்துவிடுங்கள். உறைந்தது கெடாது, ஒவ்வொன்றாக எடுத்துப் பிறகு வேலை செய்யலாம். உங்கள் பக்கத்தில் மீன் உறைய வைக்கும் பெட்டிக்குப் பஞ்சமில்லை. நன்றாகச் சுற்றினால் மீன் மணம் ஏறாது.

நெளிந்துபோன ஐந்தையும் அப்படியே வையுங்கள். இஸ்திரிப் பெட்டியைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: பூச்சிக்குப் பாச்சை உருண்டை, வேப்பிலை, லேமினேட் – எது நல்லது?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: மூன்றும் வேண்டாம். பாச்சை உருண்டை மூடிய அறையில் ஆளுக்குக் கெடுதல். கறையானுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. வேப்பிலை காய்ந்து தூளாகித் தாளில் கறை போடும். லேமினேட் செய்தால் சூட்டில் ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது. செலோடேப்பும் அப்படித்தான், சில ஆண்டில் மஞ்சளாகித் தாளைத் தின்னும். அலுமாரியைத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் அரை அடி தள்ளி வையுங்கள். பெரிய இடாப்பைப் படுக்க வைத்து, மூன்றுக்கு மேல் அடுக்காதீர்கள். துருப்பிடித்த கிளிப்பையும் குண்டூசியையும் கழற்றுங்கள். மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள். கறையான் ஒரு மாதத்தில் தின்பது கொஞ்சம், ஓர் ஆண்டில் தின்பது எல்லாம்.

கேள்வி: ஸ்கேனர் இல்லை. போனில் எடுத்தால் போதுமா? எடுத்ததை முகநூலில் போடலாமா?
– பழைய மாணவி, கல்முனை

பதில்: போதும், ஒரு படத்துக்கு ஒரு பக்கம் என்று எடுத்தால். 12 மெகாபிக்சல் போனில் படத்தின் நீளம் ஏறத்தாழ 4000 புள்ளி. 13 அங்குல ஃபுல்ஸ்கேப் தாளை நிரப்பி எடுத்தால் அங்குலத்துக்கு 300 புள்ளிக்குச் சற்றுக் கூட வரும். எழுத்துக்கு அது காணும். விரித்த இரண்டு பக்கத்தையும் ஒரே படத்தில் அடக்கினால் 235 அளவுக்கு இறங்கிவிடும், பென்சில் எழுத்து போய்விடும். ஃபிளாஷ் வேண்டாம். யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். போனை ஒரு தாங்கியில் பொருத்திக் கீழ்நோக்கி வையுங்கள். புகைப்படங்களை மட்டும் எப்படியாவது ஸ்கேனரில், அங்குலத்துக்கு 600 புள்ளியில் எடுங்கள். கோப்பின் பெயரில் பட்டியல் இலக்கமும் பக்கமும் இருக்க வேண்டும்: 014_பக்087. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டொகியுமென்டாக அனுப்புங்கள். மூன்று பிரதி வைத்து, அதில் ஒன்றைப் பாடசாலைக்கு வெளியே வையுங்கள்.

பெயர் தெரியாத குழுப்படம் என்றால் ஒரு ஃபோட்டோக் கொப்பி எடுத்து, ஒவ்வொரு தலைக்கும் இலக்கமிட்டு, இரண்டு மூத்தவர்களிடம் தனித்தனியே காட்டுங்கள். ஒன்றாக இருத்திக் கேட்டால், சத்தமாகப் பேசுபவர் சொல்வதே எல்லாருடைய நினைவும் ஆகிவிடும். இருவரும் ஒன்றாகச் சொன்ன பெயரை உறுதி என்றும், ஒருவர் மட்டும் சொன்னதைக் கேள்விக்குறியோடும் எழுதுங்கள். வெற்றிக் கேடயத்தில் பதித்த சிறு தகடுகளையும் படமெடுங்கள். மரபு எப்போது தொடங்கியது, எந்த ஆண்டுகளில் நின்றது என்பதை அவை காட்டும். விளையாட்டு இல்லங்களின் பெயர் மாறியதும் அங்கேதான் தெரியும்.

முகநூலுக்கு விழாப் படம், நிகழ்ச்சி நிரல், கல்லூரிக் கீதத்தின் பழைய அச்சு எல்லாம் போகலாம். சேர்விடாப்புப் பக்கம் போகக் கூடாது. தந்தையின் தொழில், சமயம், விலகிய காரணம், கிடைத்த தண்டனை எல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் பிள்ளை இன்று உங்கள் அடுத்த தெருவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் ஒருவராக இருக்கலாம். அவர் தன் வரியைக் கேட்டு வந்தால், மற்ற வரிகளை வெள்ளைத் தாளால் மறைத்து அந்த ஒன்றை மட்டும் படமெடுத்துக் கொடுங்கள்.